கிறிஸ்துமஸ் வாழ்த்து எதுவரை சொல்லலாம், ஸ்டாரை எப்போது இறக்கலாம்? கொங்கு நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

திருப்பூர் பனியன் கம்பெனி, கோவை ஐ.டி. வேலை, ஈரோட்டு ஜவுளி என்று பிழைப்புக்காக இங்கே வந்து குடியேறியவர்கள் ஏராளம். அவர்களில் தூத்துக்குடி, நெல்லை, நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்த கிறிஸ்தவத் தொழிலாளர்களும் உண்டு. இன்னொரு பக்கம், கிறிஸ்தவர்களோடு முன்பின் பழகாமல் வளர்ந்து, இப்போது அப்பார்ட்மென்ட்டில் எதிர்வீட்டுக் கதவில் ஸ்டாரைப் பார்ப்பவர்களும் உண்டு. இரு தரப்பாரும் டிசம்பரில் கேட்கிற கேள்விகள் ஒன்றுதான். வாழ்த்து எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது, எதுவரை சொல்லலாம், கட்டிய அலங்காரத்தை எப்போது கழற்றுவது?

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 25 விழாவின் முதல் நாள், கடைசி நாள் அல்ல. வாழ்த்து ஜனவரி 6 வரை செல்லும். ஸ்டாரும் அதுவரை தாராளமாக எரியலாம். ஆனால் தை பிறக்கும் முன், போகியன்று மாலை வீட்டுக்கு வேப்பிலைக் கொத்தால் காப்புக் கட்டுவதற்குள் எல்லாம் இறங்கிப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் நாட்காட்டியைப் புரிந்துகொள்ளுங்கள்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்டது திருவருகைக் காலம். அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் ஞாயிறன்று தொடங்கும். 2026-இல் அது நவம்பர் 29. இது காத்திருக்கும் காலம். கோவிலில் ஊதா நிறம் இருக்கும். வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பெரும்பாலான வீடுகளில் ஸ்டார் ஏறுவது டிசம்பர் முதல் வாரத்தில்தான்.

டிசம்பர் 25-இலிருந்து பன்னிரண்டு நாள் எண்ணினால் ஜனவரி 5 வரும். மறுநாள் 6-ஆம் தேதி, கிழக்கிலிருந்து ஞானிகள் குழந்தை இயேசுவைக் காண வந்ததை நினைவுகூரும் திருக்காட்சிப் பெருவிழா. பேச்சுவழக்கில் மூன்று ராஜாக்கள் திருநாள். இந்தியக் கத்தோலிக்கக் கோவில்களில் இதை ஜனவரி 2-க்கும் 8-க்கும் இடையில் வரும் ஞாயிறன்று கொண்டாடுகிறார்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளின் நாட்காட்டியிலும் இந்த விழா உண்டு. கத்தோலிக்க முறைப்படி கிறிஸ்துமஸ் காலம் முடிவது அதற்கும் அடுத்து வரும் ஆண்டவரின் திருமுழுக்கு (ஞானஸ்நான) விழாவில்தான். பெரும்பாலும் அது அடுத்த ஞாயிறு. ராஜாக்கள் திருநாள் 7 அல்லது 8-ஆம் தேதியில் வந்துவிட்டால் மட்டும் மறுநாள் திங்கட்கிழமை. 2027-இல் ராஜாக்கள் ஞாயிறு ஜனவரி 3, திருமுழுக்கு ஞாயிறு ஜனவரி 10.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் ஒன்று இருக்கிறது. எந்த ஆண்டை எடுத்துக் கணக்குப் போட்டாலும் திருமுழுக்கு விழா ஜனவரி 13-ஐத் தாண்டாது. கொங்கு நாட்டில் போகியன்று மாலை வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் கொத்தாக வைத்து வீட்டு முகப்பிலும் தோட்டத்திலும் மாட்டுக் கட்டுத்தறியிலும் காப்புக் கட்டுவார்கள். ஆக, கோவிலில் கிறிஸ்துமஸ் காலம் முடிந்த சூட்டோடு ஊரில் காப்புக் கட்டு வருகிறது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் வேறு எந்தத் தேதியையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. காப்புக் கட்டு என்ற ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

யாருக்கு என்ன வாழ்த்து

‘கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்’ என்றால் எல்லோருக்கும் பொருந்தும். கத்தோலிக்கரின் அழைப்பிதழ்களிலும் பேனர்களிலும் ‘கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நல்வாழ்த்துகள்’ என்று பார்ப்பீர்கள். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபையினர் தங்களுக்குள் ‘ஸ்தோத்திரம்’ என்று சொல்லிக்கொள்வார்கள். கத்தோலிக்கரிடையே ‘இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க’ என்பது வழக்கம். இவை அவரவர் வழிபாட்டு வாழ்க்கையிலிருந்து வந்தவை. வெளியில் இருப்பவர்கள் இவற்றைச் சொல்ல வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. உங்களுக்கு இயல்பாக வருவதைச் சொல்லுங்கள்.

இந்த ஊரில் அந்த ‘ங்க’ முக்கியம். “அக்கா, கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்ங்க” என்றால், “சந்தோசம்ங்க, உள்ள வாங்க, பலகாரம் சாப்டுட்டுத்தான் போகோணும்” என்று பதில் வரும். வயதில் சின்னவராக இருந்தாலும் பழக்கம் இல்லாத வீட்டில் ‘ங்க’ போட்டே பேசுங்கள். பெரியவர்களை அண்ணா, அக்கா, ஐயா, அம்மா என்று முறை வைத்து அழையுங்கள். கத்தோலிக்கப் பங்குத்தந்தையை ஃபாதர் என்றோ சாமி என்றோ, சி.எஸ்.ஐ. போதகரை ஐயா என்றோ ஆயர் என்றோ அழைக்கலாம்.

எல்லாக் கிறிஸ்தவர்களும் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை என்பதைப் புதியவர்கள் பலர் அறியாமல் இருக்கிறார்கள். யெகோவாவின் சாட்சிகள் கொண்டாடுவதில்லை. சில பெந்தெகொஸ்தே சபைகளும் கொண்டாடுவதில்லை. அந்த வீடுகளில் ஸ்டார் இருக்காது, மரம் இருக்காது. ஞாயிறுதோறும் பைபிளோடு கிளம்புகிற குடும்பத்தின் வாசலில் டிசம்பர் 20 ஆகியும் ஸ்டார் இல்லையென்றால், வாழ்த்துவதற்கு முன் “நீங்க கிறிஸ்துமஸ் கொண்டாடுவீங்களா?” என்று நேரடியாகவே கேட்டுவிடுங்கள். அதில் தப்பே இல்லை. கேட்டதற்காகச் சந்தோசப்படுவார்கள்.

ஸ்டார் இல்லாததற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். அந்த ஆண்டு துக்கம் நடந்த வீடாக இருந்தால் பல குடும்பங்கள் ஸ்டார் கட்டாது, பலகாரமும் சுடாது. கோவிலுக்கு மட்டும் போய் வருவார்கள். அங்கே செல்போனில் வண்ணப் படம் அனுப்பாதீர்கள். நேரில் போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பழம் வாங்கிப் போகலாம். ‘வாழ்த்துகள்’ என்ற வார்த்தையே வேண்டாம், “எப்படி இருக்கீங்க, சாப்டீங்களா?” என்று கேட்டாலே போதும். முதல் கிறிஸ்துமஸுக்கு ஆள் இல்லாத வீட்டில் யாராவது வந்து உட்கார்ந்தது வருசக்கணக்கில் நினைவில் நிற்கும்.

எப்போது சொல்வது

பள்ளி, அலுவலகங்களில் விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாளிலேயே சொல்லிவிடலாம். ஊருக்குக் கிளம்பும் தென்மாவட்டத்துக்காரர்களை அதற்கப்புறம் பிடிக்க முடியாது. மற்றபடி 24 மாலையிலிருந்து சொல்லத் தொடங்குவது நல்லது.

25-ஆம் தேதி காலையில் போன் செய்வதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கத்தோலிக்கர்களுக்கு 24 இரவுத் திருப்பலி (பூசை). அது நள்ளிரவைத் தாண்டித்தான் முடியும். கோவை பெரிய கடை வீதியில் இருக்கும் புனித மைக்கேல் பேராலயமானாலும், கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை பசிலிக்காவானாலும், வீடு திரும்பிப் படுக்கும்போது மணி இரண்டாகிவிடும். சி.எஸ்.ஐ. காரர்களுக்கு 25 விடியற்காலையில் ஆராதனை. ஈரோட்டுப் பிரப் ஆலயம் போன்ற பெரிய சபைகளில் நேரத்துக்குப் போனால்தான் உட்கார இடம் கிடைக்கும். ஆகவே கத்தோலிக்க வீட்டுக்குக் காலை எட்டு மணிக்குப் போன் அடித்தால் தூக்கத்தைக் கெடுப்பீர்கள், சி.எஸ்.ஐ. வீட்டில் அந்த நேரத்தில் எல்லோரும் இன்னும் கோவிலில் இருக்கக்கூடும். நேரில் போவதென்றால் மாலை நான்கிலிருந்து ஏழுக்குள் போவது எல்லோருக்கும் தோது. மதியச் சாப்பாட்டுக்கு அவர்களே அழைத்திருந்தால் மட்டும் பன்னிரண்டரைக்குப் போய்விடுங்கள். பிரியாணி ஆறுவதற்குள் போவதுதான் மரியாதை.

26-இலிருந்து 31 வரை ‘கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள்’ என்று சேர்த்துச் சொல்லலாம். 31 இரவும் கோவிலில் ஆராதனை உண்டு. அன்று இரவு பத்து மணிக்கு மேல் போனை எடுக்கவில்லையென்றால் அதுதான் காரணம். ஜனவரி முதல் வாரத்தில், கிறிஸ்துமஸுக்குப் பிறகு முதன்முதலாகப் பார்க்கிறவருக்கு, “தாமதமாகச் சொல்கிறேன்” என்ற மன்னிப்பே இல்லாமல் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லலாம். ஏனென்றால் தாமதம் ஆகவில்லை, காலம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஜனவரி 6-க்கு மேல் பொங்கல் வாழ்த்துக்குப் போய்விடுங்கள். கிறிஸ்தவ வீடுகளிலும் பொங்கல் உண்டு. கத்தோலிக்கக் கோவில் வளாகங்களில் பானை வைத்துப் பொங்கலிடுவதைப் பார்க்கலாம்.

செல்போன் வாழ்த்தைப் பற்றி ஒன்று. பளபளக்கும் படத்தை நூறு பேருக்கு அனுப்புவதைவிட, பெயர் போட்டு ஒரு வரி எழுதுங்கள். ‘மேரி அக்கா, உங்கள் வீட்டில் எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். பாப்பாவுக்கு உடம்பு தேவலையா?’ என்ற அளவு போதும். படத்துக்குப் பதிலாகப் படம்தான் திரும்பி வரும். பெயர் போட்ட வரிக்கு மனிதர் பதில் எழுதுவார்.

கேரல் வரும் இரவு

டிசம்பரில் ஏதாவது ஒரு நாள் இரவு பத்து, பதினொரு மணிக்கு டிரம், கிட்டார், கிறிஸ்துமஸ் தாத்தா சகிதம் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு ஒரு கூட்டம் உங்கள் தெருவுக்கு வரும். சபையின் பட்டியலில் உள்ள வீடுகளுக்குத்தான் வருவார்கள். புதிதாக வந்த கிறிஸ்தவக் குடும்பமானால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் முகவரியையும் அருகில் உள்ள அடையாளத்தையும் கொடுத்துவிடுங்கள். வருகிற அன்று வாசல் விளக்கை எரியவிடுங்கள், கேட்டைத் திறந்து வையுங்கள், காணிக்கையை உறையில் தயாராக வையுங்கள். இருபது முப்பது பேர் வருவார்கள். பால் காபியைவிடச் சுக்குக் காபி அந்தப் பனிக்கு நல்லது. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டாரிடம், “ராத்திரி சத்தமா இருந்துச்சுங்களா?” என்று ஒரு வார்த்தை கேட்பதும் உங்கள் பொறுப்பு.

பலகாரம் கொடுப்பதும் வாங்குவதும்

கிறிஸ்துமஸ் முழுக்க மார்கழிக்குள் வருகிறது. கொங்குப் பகுதியில் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் அப்போது விரதத்தில் இருப்பார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களும் சிலர் முன்கூட்டியே விரதம் தொடங்கிவிடுவார்கள். வைகுண்ட ஏகாதசியும் பெரும்பாலும் இதே மாதத்தில்தான். ஆகவே கேக் கொடுக்கும்போது முட்டை போட்டதா, போடாததா என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மாலை போட்டவர் வீட்டில் சமைத்த பண்டம் வேண்டாம், வாழைப்பழமும் ஆரஞ்சும் கொடுத்தால் நிம்மதியாக வாங்கிக்கொள்வார்கள். முறுக்கு, அச்சு முறுக்கு, கச்சாயம் (வெல்லம் சேர்த்துச் சுடும் இனிப்பு) மூன்றும் பெரும்பாலான வீடுகளுக்குச் சரிப்படும். அசைவம் சமைத்த அதே எண்ணெயில் சுடாதீர்கள், அவ்வளவுதான்.

வாங்குகிற பக்கத்திலிருந்து: பலகாரம் வந்த டப்பாவைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுக் கொடுங்கள். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலோடு திருப்பிக் கொடுத்தால் இன்னும் சிறப்பு.

கட்டும்போதே கழற்றுவதை நினைத்துக் கட்டுங்கள்

வாடகை வீடானால் முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். சுவரில் ஆணி அடிக்காமல் மாடிக் கைப்பிடியில் மூங்கில் கட்டி ஸ்டாரைத் தொங்கவிடலாம். அப்பார்ட்மென்ட்டில் பொதுவிடத்தில் கட்டுவதென்றால், ‘இன்ன தேதியில் இறக்கிவிடுகிறோம்’ என்று சங்கத்திடம் சேர்த்தே சொல்லிவிடுங்கள். அனுமதி எளிதாகக் கிடைக்கும்.

காகித ஸ்டாருக்குள் குண்டு பல்பு வேண்டவே வேண்டாம். சூட்டில் காகிதம் கருகும், தீப்பிடிக்கவும் கூடும். குறைந்த வாட் எல்.இ.டி. போதும். டிசம்பரில் மழை வரலாம், பனி உறுதியாக வரும். ஒயர் இணைப்புகளை இன்சுலேசன் டேப் சுற்றி, தண்ணீர் வழியாத உயரத்தில் வையுங்கள். ஊருக்குப் போவதானால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள். ஸ்டார் எரியாமல் தொங்கினால் குற்றமில்லை; திரும்பி வந்து மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

குடில் (இயேசு பிறந்த மாட்டுத்தொழுவத்தின் சிறு மாதிரி) வைப்பவர்கள் கேழ்வரகைக் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே தட்டில் விதைத்துவிட்டால் பச்சைப் புல் தயார். குழந்தை இயேசு சுரூபத்தை (சிலையை) 24 நள்ளிரவில்தான் வைக்க வேண்டும். ராஜாக்களை முதலில் தூரத்தில், சன்னல் பக்கமாக வைத்து, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி ராஜாக்கள் திருநாளன்று குடிலுக்குள் சேர்ப்பது குழந்தைகள் இருக்கும் வீட்டில் அருமையான வழக்கம். 26-ஆம் தேதியே குடிலைக் கலைத்துவிட்டால் ராஜாக்கள் வந்து சேரவே மாட்டார்கள். அவசரப்படாதீர்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

கழற்றும் நாள்

ஜனவரி 6-க்குள் எடுக்காவிட்டால் கெட்டது நடக்கும் என்று செல்போனில் சுற்றும் செய்தி இங்கிலாந்து நாட்டுப்புற நம்பிக்கை. திருச்சபை அப்படி எதுவும் போதிக்கவில்லை. சில நாடுகளில் பிப்ரவரி 2 வரைகூட வைத்திருப்பார்கள். கிறிஸ்து பிறப்பிலிருந்து நாற்பதாம் நாள், குழந்தை இயேசுவைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழா அன்று. பயப்பட ஒன்றுமில்லை.

என் பரிந்துரை: கத்தோலிக்கர்கள் திருமுழுக்கு ஞாயிறன்று கழற்றுங்கள். சி.எஸ்.ஐ. குடும்பங்கள் ஜனவரி 6 முடிந்து வரும் ஞாயிறன்று. கடை, அலுவலகங்களில் 6-க்கும் போகிக்கும் இடையில் தோதான ஒரு நாள். குடில் மட்டும் சாமி மேடைப் பக்கம் பிப்ரவரி 2 வரை இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் தாராளமாக வைக்கலாம், ஆனால் வாசல் ஸ்டார் வேண்டாம். ஊரே காப்புக் கட்டிப் பொங்கலுக்குத் தயாராகும்போது வெளுத்துப்போன ஸ்டார் தொங்குவது, அடுத்தவர் விழாவைக் கவனிக்காததுபோல ஆகிவிடும். நம் விழாவுக்கு அவர்கள் வாசல் விட்டார்கள். அவர்கள் விழாவுக்கு நாம் வாசலைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும்.

சரி, எப்படிக் கழற்றுவது?

முதல் வேலை, மெயின் பிளக்கைப் பிடுங்குவது. அப்புறம் முழு அலங்காரத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு எது எங்கே என்று தேட வேண்டாம். காலையில் ஸ்டாரில் கை வைக்காதீர்கள். மார்கழிப் பனியில் நனைந்து காகிதம் தொய்ந்திருக்கும்; அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். பதினொரு மணி வெயில் ஏறட்டும். ஒருவர் மூங்கிலைப் பிடிக்க, இன்னொருவர் கயிற்றை அவிழ்க்க வேண்டும். தனியாக மாடி விளிம்பில் நின்று முயலாதீர்கள். இறக்கியதும் பல்பைக் கழற்றித் தனியாக வையுங்கள்.

சீரியல் லைட்டைக் கையில் சுருட்டினால் அடுத்த டிசம்பரில் சிக்கெடுக்கவே ஒரு மாலை போய்விடும். அட்டை ஒன்றை வெட்டி, அதில் சுற்றி, எரிகிறதா என்று பார்த்து, ‘வாசல்’, ‘மரம்’, ‘குடில்’ என்று எழுதி வையுங்கள். பேட்டரியில் எரியும் பொருளானால் பேட்டரியை எடுத்துவிடுங்கள். உள்ளேயே கசிந்து கெடுத்துவிடும்.

சுரூபங்களை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்தவை ஈரம் பட்டால் வண்ணம் உதிரும். மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி, ஒவ்வொன்றையும் பனியன் துணியில் சுற்றுங்கள். திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பனியன் வேஸ்ட் கிடைக்காத தெரு உண்டா என்ன! செய்தித்தாளில் நேரடியாகச் சுற்றினால் மை ஒட்டும். பெட்டிக்குள் அந்துருண்டை போடும் பழக்கத்தையும் விடுங்கள், சில வகைப் பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும். காய்ந்த வேப்பிலையும் இரண்டு துண்டு வசம்பும் போதும். அட்டாலியில் (பரணில்) எலித் தொல்லை இருந்தால் அட்டைப்பெட்டிக்குப் பதிலாக மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா வாங்கிவிடுங்கள்.

கோவிலில் மந்திரித்த (ஆசீர்வதித்த) சுரூபம் உடைந்திருந்தால் குப்பையில் போடாதீர்கள். கோவிலில் கொடுத்துவிடலாம், அல்லது மண்ணில் புதைக்கலாம்.

குடில் வைக்கோலும் கேழ்வரகுப் புல்லும் மாட்டுக்குப் போகலாம். ஆனால் அதில் குண்டூசி, ஜிகினா, தெர்மாக்கோல் துகள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மாடு பிரித்துத் தின்னாது, அப்படியே விழுங்கும். வெள்ளைத் துணியில் உதறிப் பார்த்து, சந்தேகம் இருந்தால் மாட்டுக்கு வேண்டாம், செடிக்கு மூடாக்காகப் போட்டுவிடுங்கள். கிறிஸ்துமஸ் மரமாக வைத்த சவுக்குக் கிளையை வெட்டிக் காயவைத்தால் பொங்கல் அடுப்புக்கு நல்ல விறகு. ஒட்டிய ஜிகினாவையும் கம்பியையும் முழுக்க எடுத்த பிறகுதான்.

பழைய அலங்காரத்தைப் போகி நெருப்பில் போடுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் மரம், தெர்மாக்கோல், பலூன், ஒயர் எதுவும் எரிக்கத் தக்கதல்ல. அந்தப் புகை உங்கள் குழந்தையின் மூச்சில்தான் போய்ச் சேரும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்வதும் இதைத்தான். கெட்டுப்போன லைட் செட்டை மின்னணுக் கழிவாகத் தனியே கொடுங்கள். காகிதத் தோரணம் ஜிகினா இல்லாததானால் பழைய பேப்பர்க்காரருக்கு. நல்ல நிலையில் இருந்தும் உங்களுக்கு வேண்டாத ஸ்டாரை, புதிதாக வந்த ஏதாவது ஒரு குடும்பத்துக்கோ கம்பெனி விடுதியில் தங்கியிருக்கும் வடமாநிலப் பிள்ளைகளுக்கோ கொடுத்துவிடுங்கள்.

மிச்சமான மெழுகுவர்த்திகளைப் பெட்டியில் அடைக்க வேண்டாம். பிப்ரவரி 2 அன்று கத்தோலிக்கக் கோவில்களில் மெழுகுவர்த்தி மந்திரிப்பார்கள்; அதற்கு எடுத்துக்கொண்டு போகலாம்.